ஃபூக்ஸ் வைத்த பெயர்களும் வரையவைத்த படங்களும்

1542இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சான ஒரு மூலிகை நூலில், கிட்டத்தட்ட கடைசிப் பக்கங்களில், நீண்ட தண்டில் மணிமணியாகப் பூக்கள் தொங்கும் ஒரு செடியின் படம் இருக்கிறது. ஜெர்மன் கிராமத்து மக்கள் அதை ‘ஃபிங்கர்ஹூட்’ என்றார்கள். தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் குப்பிக்கு அந்த மொழியில் அதுதான் பெயர். பூவும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். நூலை எழுதிய மருத்துவர் லெயோன்ஹார்ட் ஃபூக்ஸ் கிரேக்க, லத்தீன் நூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். பழைய ஆசிரியர்கள் யாரும் இந்தச் செடிக்குப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஊர்ப்பெயரையே லத்தீனுக்குக் கொண்டுபோய் ‘டிஜிட்டாலிஸ்’ என்று வைத்தார். தனக்கோ மற்றவர்களுக்கோ இதைவிட நல்ல பெயர் அகப்படும்வரை இது இருக்கட்டும் என்பதுதான் அவர் கணக்கு.

480 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தற்காலிகப் பெயர் அப்படியே நிற்கிறது.

ஆனால் ஃபூக்ஸ் யோசித்து, ஆராய்ந்து, ஆதாரம் காட்டி எழுதிய எத்தனையோ பெயர்கள் நிற்கவில்லை. மிளகாய்க்கு அவர் வைத்த பெயர் தப்பு. மக்காச்சோளத்துக்கு வைத்ததும் தப்பு. ஆனாலும் தாவரவியலின் ஜெர்மானியத் தந்தையர் மூவரில் ஒருவராக அவரை வரலாற்றில் உட்காரவைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இடத்தை அவருக்கு வாங்கிக்கொடுத்தது அவர் வைத்த பெயர்கள் அல்ல. பெயர் பொய்த்தாலும் செடி இன்னதென்று காட்டிக்கொடுக்கும் படங்கள்தான்.

ஃபூக்ஸ் 1501 ஜனவரி 17 அன்று பவேரியாவின் வெம்டிங் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். ஏர்ஃபுர்ட்டிலும் பிறகு இங்கோல்ஸ்டாட்டிலும் படித்து 1524இல் மருத்துவப் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே லூதரின் எழுத்துகளை வாசித்துப் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தவர். கத்தோலிக்க இங்கோல்ஸ்டாட்டில் அது வசதியான நிலைப்பாடு இல்லை. 1528இல் அன்ஸ்பாக் பகுதியை ஆண்ட கேயோர்க் என்ற பிரபுவிடம் அரண்மனை மருத்துவராகச் சேர்ந்தார். மறுவருடமே ‘ஆங்கில வியர்வை’ என்று அழைக்கப்பட்ட கொள்ளைநோய் ஜெர்மனிக்குள் புகுந்தது. வியர்த்துக் கொட்டிச் சில மணி நேரத்திலேயே ஆளை முடித்துவிடும் நோய் அது. அதற்கு வைத்தியம் பார்த்ததில் ஃபூக்ஸின் பெயர் வெளியே பரவியது. 1535இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். 1566 மே 10 அன்று இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஏழு முறை பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். இத்தாலியின் பீசா நகருக்கு வரும்படி மெடிச்சி குடும்பத்துக் கோசிமோ நல்ல சம்பளத்தோடு கூப்பிட்டுப் பார்த்தார். ஃபூக்ஸ் அசையவில்லை. வீட்டை ஒட்டி ஒரு மூலிகைத் தோட்டம் போட்டு, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கும் மேட்டுக்கும் அலைந்தார்.

ஒரு மருத்துவர் செடியின் பெயருக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அந்தக் காலத்தில் மருந்து என்றாலே பெரும்பாலும் செடிதான். சீட்டை எழுதுவது மருத்துவர்; மருந்தை இடித்துக் கொடுப்பது கடைக்காரர்; கடைக்காரருக்கு வேரும் தழையும் கொண்டுவந்து போடுவது எழுத்தறியாத கிராமத்தவர்கள். இந்த மூன்று பேரும் ஒரே பெயரைச் சொல்லி மூன்று வெவ்வேறு செடிகளை மனதில் வைத்திருக்கலாம். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் ‘பிரம்மி’ கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரம்மியும் இன்னொரு கடையில் வல்லாரையும் கிடைக்கிற கதைதான். இந்த இரண்டில் எதைத் தின்றாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். எல்லாச் செடியும் அப்படி இல்லையே. 1530இலேயே ஃபூக்ஸ் சமகால மருத்துவர்களின் பிழைகளைப் பட்டியல் போட்டு ஒரு நூல் வெளியிட்டார். சில செடிகளையாவது சரியாக அடையாளம் சொல்லத் தெரிந்த மருத்துவரை நூற்றுக்கு ஒருவராகக்கூடப் பார்ப்பது அரிது என்று 1542 நூலின் முன்னுரையிலும் வெளுத்து வாங்குகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் ஒன்று உண்டு. முதலாம் நூற்றாண்டில் டயாஸ்கொரிடீஸ் என்ற கிரேக்க மருத்துவர் சுமார் 600 செடிகளின் மருத்துவக் குணங்களை எழுதி வைத்தார். பதினைந்து நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்கு அதுதான் வேதம். மூலநூல் கிரேக்கத்தில் இருந்தது. அரபு வழியாகவும் லத்தீன் வழியாகவும் வந்த பிரதிகளில் பெயர்கள் சிதைந்திருந்தன. ஃபூக்ஸ் போன்ற மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் இதற்கெல்லாம் அரபு மருத்துவர்கள்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் நியாயத்தைவிட வீம்புதான் அதிகம். கிரேக்க மருத்துவ அறிவைக் காப்பாற்றிக் கைமாற்றியதில் அரபு உலகத்தின் பங்கு அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. உண்மையான சிக்கல் வேறு. டயாஸ்கொரிடீஸ் பார்த்தது மத்தியதரைக் கடலோரச் செடிகளை. ரைன் நதிக்கரையில் முளைப்பது வேறு. அந்த நூலில் உள்ள பெயர்களை ஜெர்மன் காட்டில் தேடினால் பாதிப் பெயருக்குச் செடி இல்லை, பாதிச் செடிக்குப் பெயர் இல்லை.

பெயரில்லாத செடியை என்ன செய்வது? ஃபூக்ஸுக்கு முன்னோடியான ஓட்டோ புருன்ஃபெல்ஸ், 1530இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தன் மூலிகை நூலை வெளியிட்டபோது, பழைய நூல்களில் இல்லாத செடிகளை ‘நிர்வாண மூலிகைகள்’ என்று ஒதுக்கி வைத்தார். லத்தீன் பெயரும் இல்லை, மருத்துவத்தில் பயன்பாடும் இல்லை. ஆகவே உடுத்த ஒன்றுமில்லாதவை. ஓவியர் ஹான்ஸ் வைடிட்ஸ் அவற்றையும் அழகாக வரைந்து கொடுத்துவிட்டதால் வேண்டாவெறுப்பாகத்தான் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது தந்தை ஹிரோனிமஸ் போக் 1539இல் படமே இல்லாமல் நூல் போட்டார். அதை ஈடுகட்டும் அளவுக்கு அவருடைய வர்ணனை துல்லியமாக இருந்தது.

ஃபூக்ஸ் இந்த இருவர் செய்ததையும் பார்த்த பிறகுதான் களத்தில் இறங்கினார். நூலை அச்சிட்டவர் பாசல் நகரத்து மிகாயேல் இசிங்ரின். தாளின் அளவும் பெரிது, பக்கங்கள் சுமார் 900, முழுப்பக்கப் படங்கள் 500க்கும் மேல். ஒவ்வொரு செடிக்கும் ஒரே வரிசைதான்: பெயர்கள், வகைகள், உருவம், விளையும் இடம், பருவம், குணம், பலன். அத்தியாயங்கள் கிரேக்கப் பெயர்களின் அகர வரிசையில் வருகின்றன. முன்பக்கத்தில் கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஒரு சிறு அகராதியும் உண்டு. தாவரவியலுக்கென்று எழுதப்பட்ட முதல் சொற்பட்டியல்களில் ஒன்று அது.

நூலின் கடைசியில் இன்னொரு அபூர்வம். படம் போட்ட மூன்று பேருடைய உருவமும் அச்சாகியிருக்கிறது. ஆல்பிரெக்ட் மேயர் எதிரே ஜாடியில் வைத்த செடியைப் பார்த்துத் தூரிகையால் வரைகிறார். பக்கத்தில் ஹைன்ரிஷ் ஃபுல்மவுரர் அந்தப் படத்தை மரக்கட்டைமேல் எடுத்துக்கொண்டிருக்கிறார். கீழே, கட்டையைச் செதுக்கிய ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே. நூலாசிரியர் தன் உருவத்தை முன்னால் போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் சகஜம். ஃபூக்ஸும் கையில் செடியோடு நிற்கிறார். ஆனால் வரைந்தவருக்கும் செதுக்கியவருக்கும் பெயரோடு இடம் கொடுத்தது சகஜமில்லை. இத்தனைக்கும் அவர்களை அவர் இஷ்டத்துக்கு வரையவிடவில்லை. நிழல் தீட்டக் கூடாது, ஓவியத் திறமையைக் காட்டுகிறேன் என்று உருவத்தை மறைக்கக் கூடாது, வேரிலிருந்து நுனிவரை எல்லாம் தெரிய வேண்டும் என்று கறாராக நின்றவர். வைடிட்ஸ் தன் முன்னால் இருந்த செடியை உள்ளபடி வரைந்தார். இலை ஒடிந்திருந்தால் படத்திலும் ஒடிந்தே இருக்கும். ஃபூக்ஸுக்கு அது தேவைப்படவில்லை. அவருக்கு வேண்டியது அந்த இனத்துக்கே பொதுவான உருவம். அதனால்தான் பூவும் காயும் ஒரே நேரத்தில் ஒரே செடியில் இருக்கும். ‘செத்த நெட்டில்’ எனப்படும் காஞ்சொறி போன்ற செடிக்கு, வெள்ளை, மஞ்சள், ஊதா என்று மூன்று வகைப் பூக்களையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறார்கள். இயற்கையில் அப்படி ஒரு செடி கிடையாது. ஆனால் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் மூன்றில் எதைக் கண்டாலும் அடையாளம் தெரியும். படத்தின் வேலை அதுதானே.

சரி, இப்போது மிளகாய்க்கு வருவோம். கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு மிளகாயைக் கொண்டுவந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஜெர்மனியில் வீடுகளில் மண்சட்டியில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஃபூக்ஸ் அதில் நான்கு வகைகளைப் படத்தோடு தருகிறார். காம்பும் காயும் விதையும் இன்று பார்த்தாலும் சந்தேகமே வராத மிளகாய். ஆனால் பெயர்? பழைய ஆசிரியர்களுக்குத் தெரியாத செடி என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. ரோமானியரான பிளினி எங்கோ ஓரிடத்தில், மிளகைப் போலக் காரமான ‘சிலிக்குவாஸ்ட்ரம்’ என்ற மூலிகையைக் குறிப்பிட்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு மிளகாய்க்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார் ஃபூக்ஸ். பிளினி இறந்தது கி.பி. 79இல். அவர் மிளகாயைக் கண்ணால் கண்டிருக்க வழியே இல்லை.

ஜெர்மன் பெயரில் வேடிக்கை இன்னும் கூடுதல்: ‘கலெகுட்டிஷர் ஃபெஃபர்’, அதாவது கள்ளிக்கோட்டை மிளகு. மிளகு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் காரமான இன்னொரு சரக்கும் வந்திருக்கும் என்பது அன்றைய ஐரோப்பியக் கணக்கு. ‘இந்தியா’ என்ற சொல்லும் கிழக்கையும் மேற்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது. போர்த்துகீசியர் அமெரிக்கச் செடிகளை மலபார்க் கரைக்கு எடுத்துப்போன காலம் அது. இந்தக் கரைக்கு மிளகாயே புது விருந்தாளி. நாமும் பெரிதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மிளகோடு காயை ஒட்டித்தானே மிளகாய் என்றோம்? வித்தியாசம் என்னவென்றால், நாம் ருசியைச் சொன்னோம், ஜெர்மானியர்கள் ஊரைச் சொன்னார்கள். ஊர் தப்பாகிவிட்டது.

மக்காச்சோளமும் இதே ரகம்தான். அச்சான மூலிகை நூல்களில் மக்காச்சோளத்தின் தெளிவான படம் முதலில் வருவது ஃபூக்ஸின் நூலில் என்பார்கள். கதிரும் அதன் நுனியில் தொங்கும் நாரும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. தலைப்போ ‘துருக்கித் தானியம்’. கிரேக்கத்திலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஜெர்மனிக்கு வந்தது, அந்த நிலமெல்லாம் இப்போது துருக்கியர் கையில், ஆகவே துருக்கித் தானியம் என்று காரணமும் சொல்லிவிடுகிறார். நம் மக்காச்சோளத்தில் உள்ள ‘மக்கா’வும் அரபுநாட்டு மெக்காதான் என்று சொல்வதுண்டு. மெக்சிகோவில் பிறந்த பயிர், போன இடமெல்லாம் யாரோ ஒரு முஸ்லிம் நாட்டின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பூசணியைக்கூட ஃபூக்ஸ் துருக்கி வெள்ளரி என்றுதான் எழுதுகிறார்.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: உலகத்துச் செடிகள் எல்லாமே பழைய நூல்களில் எங்காவது இருக்கும், அல்லது பழைய உலகத்தில் எங்காவது விளையும். அந்த நம்பிக்கை கைவிட்ட இடத்தில்தான் டிஜிட்டாலிஸ் பிறந்தது. எந்த ஆசிரியரும் உதவாததால், கண்ணால் கண்டதையும் ஊர்மக்கள் சொன்னதையும் வைத்துப் பெயரிட்டார்.

ஃபூக்ஸ் சாதுவான மனிதர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வாதம் என்று வந்துவிட்டால் வார்த்தை தடித்துவிடும். ஃபிராங்க்ஃபர்ட் அச்சகக்காரர் கிறிஸ்டியன் ஏகனோல்ஃப் மற்றவர் நூல்களின் படங்களைக் காப்பியடித்து மலிவாக விற்பவர். ஃபூக்ஸின் நூல் வருவதற்கு முன்பே, 1533இல், புருன்ஃபெல்ஸின் அச்சகக்காரரான ஷாட் அவர்மேல் பேரரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். ஏகனோல்ஃபின் பதில் படு சாமர்த்தியம்: ரோஸ்மேரிச் செடி இருக்கிறபடிதான் இருக்கும், அச்சிட ஷாட்டுக்கு உரிமை இருக்கிறது என்பதற்காக நான் அதை வேறு உருவத்தில் வரைய முடியுமா? இன்றைய காப்புரிமை வக்கீல்களும் ரசிப்பார்கள். ஏகனோல்ஃபின் மூலிகை நூல்களைப் போல மடத்தனமான பிழைகள் மலிந்தவை வேறில்லை என்று ஃபூக்ஸ் அச்சிலேயே திட்டினார். அப்புறம் யானுஸ் கொர்னாரியஸ் என்ற மருத்துவ அறிஞர் வந்து சேர்ந்தார். ‘ஃபூக்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் நரி. ‘தோலுரித்த குட்டி நரி’ என்று தலைப்பு வைத்து ஒரு நூலையே அவர் எழுதிவிட்டார். ஃபூக்ஸ் பதிலுக்கு ‘வெறிபிடித்த கொர்னாரியஸ்’ என்று ஒன்று எழுதினார். திட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு நிஜமான விவாதம் இருந்தது. செடியை அறியப் படம் எதற்கு, டயாஸ்கொரிடீஸின் சொற்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதாதா என்பது கொர்னாரியஸின் கட்சி. எவ்வளவு பெரிய சொல்வல்லவர் எழுதினாலும் படம் காட்டுகிற தெளிவு வராது என்பது ஃபூக்ஸின் கட்சி. வென்றது யார் என்று சந்தை சொன்னது. 1543இல் ஜெர்மன் பதிப்பு, 1545இல் கையடக்கப் பதிப்பு என்று அடுத்தடுத்து வந்தன. 1554இல் டோடோன்ஸ் டச்சு மொழியில் எழுதிய மூலிகை நூலின் பெரும்பாலான படங்கள் ஃபூக்ஸிடமிருந்து எடுத்தவைதாம்.

டிஜிட்டாலிஸின் பிற்காலக் கதையை ஃபூக்ஸ் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அன்றைய வழக்கப்படி அவர் குணத்தை ருசியை வைத்துத்தான் ஊகித்தார்: கசக்கிறது, ஆகவே சூடு, வறட்சி, உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்யும். இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1775இல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு மூதாட்டி கொடுத்துவந்த குடும்பக் கஷாயத்தைக் கேள்விப்பட்டார். இருபதுக்கு மேற்பட்ட சரக்குகள் அதில் இருந்தன. வேலை செய்தது டிஜிட்டாலிஸ் இலை மட்டுமே என்று கண்டுகொண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எந்த அளவு மருந்து, எந்த அளவு விஷம் என்று குறித்து 1785இல் நூலாக்கினார். 1930இல் அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து டைகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. இதயம் பலவீனமானவர்களுக்கும் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் நம் ஊர் மருத்துவர்களும் இன்றும் எழுதிக்கொடுக்கிற மருந்து. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இதில் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறினாலும் குமட்டலும் பார்வைக் கோளாறும் வரும், துடிப்பே தடம் புரளும். எந்தச் செடி என்று மாறிப்போனால் ஆள் சாவார் என்று ஃபூக்ஸ் கத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் அவருக்கே கிடைத்திருக்காது.

இனி அவர் பெயரைத் தாங்கும் செடி. ஃபூக்சியா என்றால் ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரியும். தொட்டியிலிருந்து ஜிமிக்கி போலத் தொங்கும் சிவப்பும் ஊதாவும் கலந்த பூ. ஃபூக்ஸ் அதைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்து 130 ஆண்டுகளுக்குப் பிறகு சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி கரீபியனின் ஹிஸ்பனியோலாத் தீவில் அதைக் கண்டார். 1703இல் அச்சான நூலில், மறைந்த தாவரவியலாளர்களுக்கு மரியாதை செய்யும் வழக்கப்படி அதற்கு ஃபூக்ஸின் பெயரைச் சூட்டினார். 1859இல் பிரான்சின் லியோன் நகரில் ரெனார் சகோதரர்களின் நிறுவனம் அந்தப் பூவின் நிறத்தில் ஒரு செயற்கைச் சாயத்தை விற்கத் தொடங்கியது. சாயத்தின் பெயர் ஃபுக்சின். ரெனார் என்றால் பிரெஞ்சில் நரி, ஃபூக்ஸ் என்றால் ஜெர்மனில் நரி. முதலாளிகளுக்கு இந்தச் சிலேடையும் பிடித்திருந்தது என்கிறார்கள். துணிச்சாயமாக அது பழசாகிவிட்டது. ஆனால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யும் ஆய்வகங்களில், கிருமியைச் சிவப்பாகக் காட்டும் கார்பால் ஃபுக்சின் புட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆக, அந்த மருத்துவரின் பெயர் மருத்துவத்துக்கே திரும்பி வந்துவிட்டது, சாயப்பட்டறை வழியாகச் சுற்றிக்கொண்டு.

ஃபூக்ஸ் தன் வாழ்வின் பெரிய வேலையாக நினைத்தது 1542 நூலை அல்ல. அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை மூன்று பாகங்களாக விரித்து எழுதிக்கொண்டே இருந்தார். வரைந்து சேர்த்த வண்ணப்படங்கள் மட்டும் 1,500க்கும் மேல். 1557இல் இசிங்ரின் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இவ்வளவு பெரிய செலவில் கைவைக்கத் தயங்கினார்கள். பணத்துக்கும் பதிப்பாளருக்கும் கடிதம் எழுதி அலைந்து, அச்சாகாமலே ஃபூக்ஸ் காலமானார். கையெழுத்துப் பிரதி இப்போது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில், ஒன்பது தொகுதிகளாக இருக்கிறது. புகையிலை, தக்காளி போன்ற அமெரிக்கச் செடிகள் ஐரோப்பாவுக்கு எந்த உருவத்தில், எந்த நிறத்தில் முதலில் வந்தன என்று ஆராய்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். தலைப்பில் அவர் எழுதிவைத்த பெயரை அப்படியே நம்பிக்கொள்வதில்லை; காயையும் இலையையும் பார்த்து இனத்தை முடிவு செய்கிறார்கள்.